ஈமு கோழி: குமிழியா, மோசடியா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

பொருளாதாரக் குமிழிகளைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு காலத்தில் ஹாலந்து நாட்டில் விலை தாறுமாறாக ஏறி விழுந்த துலிப் மலரில் தொடங்கி ஈரோட்டு ஈமு கோழியில் முடிக்கிறார்கள். இது சரியல்ல என்பது என் கருத்து. குமிழி என்பது விலையைச் சந்தை தானாக ஊதித் தானாக உடைத்துக்கொள்வது. அதில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ஈமு வளர்த்தால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி முதலீடு வாங்கிய நிறுவனங்கள் கதவை அடைத்த கதை, 2012இல் பெருந்துறைப் பக்கம் நடந்ததோ பட்டப்பகல் மோசடி. வழக்கு, கைது, சிறை எல்லாம் உண்டு. அதையும் குமிழி என்று சொன்னால், ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவனுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதாக ஆகிவிடாதா?

3 மார்ச் 2024, காலை

ஆகாது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையில் எழுத்தராகவும் பிறகு காசாளராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். 2011இலும் 2012இன் முற்பாதியிலும் எங்கள் முகப்பில் நடந்தது என் கண்ணுக்கு முன்னால் இன்னும் நிற்கிறது. நிரந்தர வைப்பு ரசீதை எடுத்துக்கொண்டு வருவார்கள், முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டியில் ஒரு விழுக்காடு குறையும் என்று சொல்வேன், பரவாயில்லை என்பார்கள். ரசீதின் பின்புறம் ஒரு ரூபாய் வருவாய் முத்திரையை ஒட்டி அதன்மேல் கையொப்பம் வாங்க வேண்டும். அந்த ஆண்டு வருவாய் முத்திரை தீர்ந்துபோய் இரண்டு முறை தலைமை அஞ்சலகத்துக்கு ஆள் அனுப்பினோம். வந்தவர்களில் ஒருவர்கூடத் தாம் சூதாடப் போவதாக எண்ணவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதம் தவறாமல் காசோலை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். முதலில் நுழைந்தவருக்குக் கிடைத்த ஆதாயமே அடுத்தவருக்குச் சான்றாக மாறுகிறது. குமிழியின் எந்திரம் இதுதான், வேறொன்றுமில்லை.

அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட திட்டம் இது: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகள், தீவனம், கொட்டகை, அத்துடன் பராமரிப்புக்கென்று மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000. அதாவது 48 விழுக்காடு. எங்கள் வங்கி கொடுத்தது ஒன்பதரை.

3 மார்ச் 2024, இரவு

ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. ஆண்டு இறுதியில் 20,000 ரூபாய் போனஸும் உண்டு என்பதை விட்டுவிட்டேன். மொத்தம் 92,000, ஒன்றரை லட்சத்துக்கு 61 விழுக்காட்டுக்கும் சற்று மேல். ஒப்பந்தம் முடியும்போது முதலும் திரும்பி வரும் என்றுதான் சொன்னார்கள். காசாளராக இருந்தவன் செய்யக்கூடாத பிழை. ஆனால் பிழையே எனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறது: 48ஆ 61ஆ என்று அன்று முகப்பில் நின்ற யாரும் விழுக்காட்டில் கணக்குப் போடவில்லை. 'மாசம் ஆறாயிரம்' என்றுதான் சொன்னார்கள். சம்பளத்தைப் போலக் காதில் விழும் தொகையை வட்டியைப் போல ஆராய ஒருவருக்கும் தோன்றவில்லை.

5 மார்ச் 2024

'பேராசை' என்று ஒரே சொல்லில் விடை சொல்லி முடிக்கிறவர்கள் பல்லடத்தையும் உடுமலையையும் அறியாதவர்கள். அந்தப் பகுதியில் கறிக்கோழிப் பண்ணைகள் தொண்ணூறுகளிலிருந்தே ஒப்பந்த முறையில் நடந்து வருகின்றன. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் கொடுப்பார். நாற்பது நாள் சென்றதும் லாரி வந்து கோழிகளை எடை போட்டு ஏற்றிச் செல்லும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வந்து சேரும். கோழி விலை சரிந்தால் நட்டம் நிறுவனத்துக்கு, கூலி விவசாயிக்கு. மழையை நம்பி மஞ்சளும் கரும்பும் போட்டுக் களைத்துப்போன ஒருவருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. கொங்கு நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கூலியில்தான் பொறியியல் படித்தார்கள்.

ஈமு திட்டம் அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டது: குஞ்சு, தீவனம், கொட்டகை, ஒப்பந்தம், கூலி. ஆகவே ஊர்க்காரர்கள் அதைப் புதிய சீட்டுக் கம்பெனியாகப் பார்க்கவில்லை. பெரிய கறிக்கோழியாகப் பார்த்தார்கள். வேறுபாடு இரண்டே இரண்டு. கறிக்கோழி நிறுவனம் குஞ்சின் விலையை விவசாயியிடம் முன்பணமாகக் கேட்பதில்லை. இரண்டாவது, லாரி. கறிக்கோழிக் கொட்டகைக்கு லாரி வந்துகொண்டே இருக்கும். என் சின்ன மாமா தோட்டத்தில் பன்னிரண்டு ஈமுக்கள் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து, ஐந்தடி உயரத்துக்கு நின்று, கம்பிவலைக்கு மேலாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏற்றிச் செல்ல எந்த லாரியும் வரவில்லை. அது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் இன்று எனக்கு விசித்திரமாக இருக்கிறது. மாமாவின் மூன்று லட்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கான வைப்பை முறித்துக் கொடுத்தவன் நான்தான்.

8 மார்ச் 2024

எண்ணெய், தோல், இறகு, நகம் என்று ஈமுவில் வீணாகும் பாகமே இல்லை என்று விளம்பரங்களில் சொன்னார்கள். எல்லாப் பாகமும் விற்கும் என்றால் யாராவது வாங்கியிருக்க வேண்டும். முழுவளர்ச்சி பெற்ற ஒரு பறவை நாளொன்றுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தீவனம் தின்னும். முட்டையிட ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். இட்ட முட்டையின்மேல் ஆண் பறவை எட்டு வாரம் உட்கார வேண்டும். இவ்வளவு மெதுவான ஓர் உயிரினம் ஆண்டுக்கு 61 விழுக்காடு ஈட்டித் தருவதாக இருந்தால், அதன் கறியைத் தங்கக் கடையில் வைத்து விற்க வேண்டியிருக்கும்.

உண்மையில் ஈமுவுக்கு இருந்த ஒரே சந்தை, ஈமு வளர்க்க விரும்பியவர்களின் சந்தை. குஞ்சு விற்ற பணம்தான் கூலியாகப் போயிற்று. இதே கதை அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸில், தொண்ணூறுகளிலேயே நடந்து முடிந்திருந்தது. அங்கே இனப்பெருக்கச் சோடி ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. வளர்ப்பவரிடமிருந்து வளர்க்கப் போகிறவர் வாங்கினார். உண்பவர் வரும் முறை வந்தபோது யாரும் வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தீவனச் செலவு தாங்காமல் சிலர் பறவைகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அங்கே மாதக் கூலி தருவதாகச் சொன்ன ஒரு தனி நிறுவனமின்றியே விலை ஏறி, விலை வீழ்ந்தது. பறவை அதே பறவை. அங்கே குமிழி, இங்கே மோசடி என்று பிரித்தால், பறவையே குழம்பிவிடும்.

9 மார்ச் 2024

ஈமு கறி சாப்பிட்டதுண்டா என்று கேட்டவருக்கு: ஒரே ஒரு முறை, 2011இல், ஓர் உணவகத்தில், பிரியாணியாக. ஆட்டுக்கறியைவிடச் சிவப்பு, நார் அதிகம். மேசையில் நான்கு பேர் இருந்தோம். தமிழ்நாட்டின் ஈமு நுகர்வில் கணிசமான பங்கு அன்று எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

14 மார்ச் 2024

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: 'டெக்சாஸ் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, ஏமாற்றுக்காரன் இல்லாமலும் குமிழி வரும் என்றால் இரண்டும் வேறுதானே?' நான் அவசரப்பட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பக்கத்துக்கு இன்னும் வலுவான சான்று ஒன்றை நானே தருகிறேன். வெர்னன் ஸ்மித் என்ற பொருளாதார அறிஞர் (2002இல் நோபல் பரிசு பெற்றவர்) தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, கற்பனைப் பங்கு ஒன்றைப் பதினைந்து சுற்றுகள் வாங்கி விற்கச் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பங்குக்குச் சராசரியாக 24 சென்ட் ஈவுத்தொகை கிடைக்கும்; கடைசிச் சுற்று முடிந்தால் பங்குக்கு மதிப்பே இல்லை. ஆகவே தொடக்கத்தில் அதன் நியாய விலை 3 டாலர் 60 சென்ட், பிறகு சுற்றுக்கு 24 சென்ட் வீதம் குறைந்துகொண்டே வர வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். வதந்தி இல்லை, நடிகர் வந்து நிற்கும் விளம்பரம் இல்லை, மறைத்து வைத்த கணக்கேடு இல்லை. அப்படியிருந்தும் நடுச் சுற்றுகளில் விலை நியாய விலைக்கு மேலே ஏறி நின்றது, முடிவை நெருங்கியதும் பொத்தென்று விழுந்தது. புதியவர்களைக் கொண்டு செய்யும்போதெல்லாம் ஏறக்குறைய இப்படியே நடந்தது; அதே ஆட்கள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஆடியபோதுதான் ஊதல் அடங்கியது.

ஆக, குமிழிக்கு மோசடி தேவையில்லை. ஆனால் மோசடிக்குக் குமிழி தேவை என்று இப்போது தோன்றுகிறது. 1920இல் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் பான்சி நாற்பத்தைந்து நாளில் 50 விழுக்காடு ஆதாயம் என்று சொல்லிப் பணம் வாங்கினார். பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி மற்றொரு நாட்டில் மாற்றுவதாகச் சொன்ன தொழிலில், தொடக்கத்தில் கொஞ்சம் பொருளும் இருந்தது. அவரை நம்பி வரிசையில் நின்றவர்கள், முன்னால் நின்றவன் கையில் பணம் வாங்கிப் போவதைப் பார்த்தவர்கள். இந்த இடத்தில் ஹைமன் மின்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் கடன் வாங்குகிறவர்களை வைத்து வகுத்த மூன்று படிநிலைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதற்படியில் வட்டியையும் அசலையும் வருமானத்திலிருந்தே கட்டுகிறவன். இரண்டாம் படியில் வட்டியை மட்டும் கட்டி அசலைப் புதுப்பித்துக்கொண்டே போகிறவன். மூன்றாம் படியில் இரண்டுமே முடியாமல், சொத்தின் விலை ஏறும் என்ற ஒன்றை மட்டும் நம்பிக் கடன்மேல் கடன் வாங்குகிறவன். மூன்றாம் படிக்கு அவர் வைத்த பெயர் பான்சி. அந்தப் படியில் நிற்பவன் மோசக்காரனாக இருக்க வேண்டியதில்லை. அவனுடைய கணக்கேடு மோசக்காரனின் கணக்கேட்டைப் போல இருக்கும், அவ்வளவுதான்.

15 மார்ச் 2024

1992இன் பங்குச் சந்தை விவகாரத்தை எங்கே வைப்பது, குமிழியிலா மோசடியிலா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் வைக்கலாம். மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகி, 1992 ஏப்ரல் 2 அன்று 4,467ஐத் தொட்டது. அதே ஏப்ரல் இறுதி வாரத்தில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் விவகாரம் நாளேட்டில் வெளிவந்தது; ஆகஸ்டுக்குள் குறியீட்டெண் பாதிக்குச் சற்று மேலே நின்றது. வங்கிகள் தமக்குள் அரசுப் பத்திரங்களைக் கைமாற்றும்போது பத்திரத்துக்குப் பதில் கொடுத்துக்கொண்ட ரசீதுகள்தாம் அதில் கருவி. பத்திரமே இல்லாமல் ரசீது எழுதி வாங்கிய வங்கிப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. மோசடி எரிபொருள், குமிழி தீ. ஆனால் சில நூறு ரூபாய் விலையில் இருந்த ஏசிசி சிமென்ட் நிறுவனப் பங்கை ஒன்பதாயிரத்துக்கு மேல் வாங்கியவர்களில் வங்கி ரசீது என்றால் என்னவென்று தெரிந்தவர் எத்தனை பேர்?

எனக்கு அதில் நட்டமில்லை, பணமே இல்லாததால். நட்டப்பட்டது அதற்குப் பிறகு, 1994-95இல் வந்த புதிய பங்கு வெளியீடுகளில். ஈரோட்டில் தேநீர்க் கடை வாசலில்கூட விண்ணப்பப் படிவங்கள் கட்டுக் கட்டாகக் கிடைத்த காலம். இறால் பண்ணை, கிரானைட், பூ ஏற்றுமதி என்று எதையும் விடாமல் மூன்று நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்றிலும் ஒதுக்கீடு கிடைத்தது. கேட்ட அனைவருக்கும் கிடைக்கிற பொருளுக்கு ஏன் அடித்துக்கொள்கிறோம் என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவற்றில் ஒன்றுக்கு 1998இல் கடிதம் எழுதியபோது, 'இந்த முகவரியில் இல்லை' என்று அஞ்சல்காரர் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பங்குச் சான்றிதழைவிட அதன் எழுத்து தெளிவாக இருக்கும்.

22 மார்ச் 2024

சென்ற மாதம் 22ஆம் தேதி ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீட்டெண் 39,098இல் முடிந்தது. இது ஏன் செய்தி என்றால், இதற்கு முந்தைய உச்சம் 38,915. அது நிகழ்ந்த நாள் 1989 டிசம்பர் 29. இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள். நான் வேலையில் சேர்ந்த புதிதில் உச்சத்தில் வாங்கிய ஒருவர், நான் ஓய்வு பெற்ற பிறகுதான் போட்ட முதலைக் கண்ணால் பார்த்திருப்பார். அதுவும் எண்ணில் மட்டும்.

ஜப்பானில் ஏமாற்றியவர் என்று யாரைச் சொல்வது? டாலரின் மதிப்பை இறக்கப் பெரிய நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட 1985 பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. ஏற்றுமதி அடிபடும் என்று மைய வங்கி வட்டியை 2.5 விழுக்காடு வரை இறக்கி வைத்தது. மலிவான கடன் நிலத்துக்கும் பங்குக்கும் போயிற்று. நிலத்தை அடகு வைத்துக் கடன், அந்தக் கடனில் மேலும் நிலம். டோக்கியோ அரண்மனை வளாகத்தின் மதிப்பு கலிஃபோர்னியா மாகாணம் முழுவதன் மதிப்பையும் மிஞ்சும் என்று அக்காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். 1989 மே மாதம் தொடங்கி 1990 ஆகஸ்டுக்குள் வட்டி 6 விழுக்காட்டுக்கு ஏற்றப்பட்டது. பங்குகள் முதலில் விழுந்தன. நிலம் உடனே விழவில்லை. ஆனால் 1992 முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்தது.

24 மார்ச் 2024

அரண்மனைக் கணக்கை எழுதியதிலிருந்து அது என்னை உறுத்துகிறது. அரண்மனையை யாரும் விற்கவில்லை, யாரும் விலை கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் கடைசியாக விற்ற ஒரு துண்டு நிலத்தின் சதுர மீட்டர் விலையை வளாகத்தின் பரப்பால் பெருக்கியிருக்கிறார்கள். பெருக்கல் சரி. ஆனால் நூற்றில் ஒருவர் விற்றபோது கிடைத்த விலை நூறு பேரும் ஒன்றாக விற்க வந்தால் கிடைக்காது. உச்சத்தில் எல்லாரும் காகிதத்தில் வைத்திருக்கும் செல்வம் இப்படிப் பெருக்கி வந்தது. ஆகவே உடையும்போது 'இத்தனை லட்சம் கோடி மறைந்தது' என்று நாளேடுகள் எழுதும் பணத்தில் பெரும்பகுதி எவர் பையிலும் எப்போதுமே இருந்ததில்லை.

இதை எழுதும்போது எங்கள் ஊர் மனைகள் நினைவுக்கு வருகின்றன. அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

2 ஏப்ரல் 2024

எழுதிவிடுகிறேன். 2007இல் புறவழிச்சாலையை ஒட்டி, முந்தைய ஆண்டு வரை மஞ்சள் காடாக இருந்த இடத்தில், மூன்று சென்ட் வீதம் இரண்டு மனை வாங்கினேன். சென்ட் 18,000 ரூபாய். வேனில் அழைத்துப் போனார்கள், வண்ணக் கொடி கட்டியிருந்தார்கள், வாழை இலையில் சாப்பாடு போட்டார்கள். நட்ட கல்லில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் கையொப்பமே அங்கீகாரம் என்று சொன்னார்கள். வங்கியில் வேலை பார்த்தும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. 2012இல் அதே இடம் சென்ட் ஒன்றரை லட்சம் என்றார்கள். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. வாங்கிய எவரும் குடியிருக்க வாங்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, பத்திரம் பதிவதற்கு முன்பே அடுத்தவர் கைக்கு மாற்றினார்கள். வீடு கட்டாத மனை என்பது லாரி வராத கொட்டகைதான். 2012இல் ஈமுவைப் பார்த்துச் சிரித்த நான் அதைக் காணவில்லை.

2013இல் ஒரு மனையை, சென்ட் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு, என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்கு விற்றேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. 'அங்கே விலை ஏறிக்கொண்டே இருக்கிறது' என்று சொன்னேன், அது உண்மை. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு மாதத்தில் பண மதிப்பிழப்பும் சேர்ந்துகொண்டது. என்னிடம் வாங்கியவர் மகள் திருமணத்துக்கு அதை விற்க நினைத்தார், முடியவில்லை. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்த ஜூன் மாதம் அரசு வழிகாட்டி மதிப்பையும் 33 விழுக்காடு குறைத்தது. ஆனால் தரகரிடம் கேட்டால் இன்றும் விலை குறையவில்லை என்பார். விலை குறையவில்லை, வாங்க ஆள்தான் இல்லை. தமிழ்நாட்டில் மனைக் குமிழி உடையும்போது சத்தம் வராது. இரண்டு லட்சம் என்ற விலை அப்படியே நிற்க, அதைக் கொடுக்கிறவர் மட்டும் காணாமல் போவார்.

வாசகர் கேட்டாரே, ஏமாற்றியவன், ஏமாந்தவன் என்று. அந்த மனை விஷயத்தில் நான் எந்தப் பெயருக்கு உரியவன் என்று எனக்குத் தெரியவில்லை. 2007இல் ஒருவன், 2013இல் மற்றொருவன். இடையில் நான் மாறிய நாள் எதுவென்று தேடிப் பார்க்கிறேன். அப்படி ஒரு நாள் இல்லை.

3 ஏப்ரல் 2024

அவருக்கு நான் பணம் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்டிருக்கிறார்கள். பாதி கொடுக்க முன்வந்தேன். அவர் வாங்கவில்லை, 'எப்படியும் ஏறும்' என்றார்.

19 ஏப்ரல் 2024

குமிழி உடைந்த பின் சேதம் ஏன் ஓரிடத்தில் ஊரோடு நிற்கிறது, ஓரிடத்தில் உலகைச் சாய்க்கிறது என்ற கேள்வி நல்ல கேள்வி. ஊதிய அளவைப் பொறுத்ததன்று, கடனைப் பொறுத்தது. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீட்டெண் 2000 மார்ச் 10 அன்று 5,048இல் இருந்து 2002 அக்டோபருக்குள் 1,114க்கு வந்தது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் போயிற்று. போட்டவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தார்கள். நாடு தள்ளாடியது, விழவில்லை. 2006க்குப் பின் அங்கே வீட்டு விலை விழுந்தது ஏறக்குறைய 30 விழுக்காடுதான். ஆனால் அந்த வீடுகள் கடனில் நின்றன, அந்தக் கடன்களைக் கட்டிப் பத்திரமாக்கி விற்ற வங்கிகளும் கடனில் நின்றன. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானபோது யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். 2010இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது; அந்தப் பணம் எங்கள் கிளையில் வைப்பாக வந்தது. 2012 தொடக்கத்தில் விலை 4,000 அளவுக்கு இறங்கிவிட்டது. (மஞ்சளைக் குமிழி என்று சொல்ல மாட்டேன், எந்த விலையிலும் அதைக் குழம்பில் போடுகிறவர்கள் இருந்தார்கள்.) மஞ்சள் பணத்தை ஈமுவில் போட்டவர்கள் இழந்தார்கள், நொந்தார்கள், அடுத்த போகத்துக்கு மீண்டார்கள். என் மாமா இரண்டாவது ஒன்றரை லட்சத்துக்கு அத்தையின் நகையை அடகு வைத்திருந்தார். 2012 ஆகஸ்டில் நிறுவனங்கள் கதவை அடைத்ததும் மாதக் காசோலை நின்றது. நகைக்கடன் வட்டி நிற்கவில்லை. தீவனம் வராமல் பறவைகள் மெலிந்தன; சில கொட்டகைகளில் செத்தன. கால்நடைத் துறை தீவனம் அனுப்பியது. இரவில் பெட்டை ஈமு தொண்டைக்குள்ளிருந்து உறுமி மேளம் போல ஒலி எழுப்பும். பசியிலும் அது நிற்கவில்லை என்று அத்தை சொல்வார். நகை 2014இல் ஏலத்துக்குப் போகும் முன் நான் மீட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வைப்பை முறித்த விண்ணப்பத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

12 மே 2024

குமிழி உடைந்த பின் மிஞ்சுவதைப் பற்றி ஒருவர் எழுதியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1840களில் இங்கிலாந்தில் ரயில் பங்குகளில் பணத்தை இழந்தார்கள், தண்டவாளம் மிஞ்சியது. இணைய நிறுவனப் பித்தில் உலகெங்கும் அளவுக்கு மீறிப் புதைத்த கண்ணாடி இழைக் கம்பிகள் பின்னர் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் தொழில் அதனால் எளிதாயிற்று. இதை வைத்துக் குமிழிக்கு நன்றி சொல்பவர்கள் உண்டு. தண்டவாளத்தில் பயணம் செய்தவர்கள் வேறு, பங்கில் இழந்தவர்கள் வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென 1997இல் வந்த சட்டத்தின்படி அவர் கொடுத்த புகாரின் நகலை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். இந்த விவாதத்தின் முதல் கேள்வியை அவரிடமே கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கோழி வந்துச்சல்ல மாப்பிள்ளை? காசை வாங்கிட்டு ஒண்ணுமே குடுக்காமப் போனாத்தான் மோசடி" என்றார். புகாரில் அவர் எழுதியிருப்பது மோசடி என்றுதான். அதைச் சுட்டிக்காட்டினேன். "அது வக்கீல் எழுதினது" என்றார்.

கொட்டகையில் இப்போது ஆடுகள். சுற்றிலும் இருந்த ஆறடிக் கம்பிவலையைக் காணோம். ஆட்டுக்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று போன தை மாதம் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். கிலோ இருபத்தெட்டு ரூபாய். துருவுக்காக நான்கு கிலோ கழித்துக்கொண்டார்கள்.